பதிமூன்று மாதக் கர்ப்பம்

என் மகளுக்கு வருஷத்துக்கு இரண்டு பிறந்தநாள். எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு ஒரு தேதி போடுவார்கள், வீட்டில் ஒரு தேதி இருக்கும். எனக்கே சான்றிதழில் ஜூன், நிஜத்தில் ஐப்பசி. யாரைக் கேட்டாலும் "ஸ்கூல் தேதி சும்மா, ஒரிஜினல் வேற" என்பார்கள். மகளும் பத்து வயதுவரை அப்படித்தான் சொல்லித் திரிந்தாள். ஆனால் அவள் விஷயத்தில் பள்ளிக்கூடத் தேதிதான் உண்மை. வீட்டுத் தேதி என் அக்கா போட்டது.

அவளை நாங்கள் தத்தெடுத்தோம். இந்த மூன்று சொல்லை அவளிடம் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. நான் பொதுவாகப் பயந்தவன் இல்லை. வேலை பார்க்கும் இடத்தில் முதலாளியிடமே குரலை உயர்த்திப் பேசுவேன். ஆனால் சொன்ன மறுநாள் அவள் என்னை அப்பா என்று கூப்பிடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தாலே சொல்ல வந்ததை நாளைக்கு என்று தள்ளிவிடுவேன்.

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் எல்லா டாக்டரையும் எல்லாக் கோயிலையும் பார்த்து முடித்துவிட்டுத் தத்தெடுக்கப் பதிவு செய்தோம். சோசியல் ஒர்க்கர் மேடம் ஒருவர் வீடு பார்க்க வந்தார். சமையலறை, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தார். என் கோபத்தைப் பற்றி மனைவியிடம் தனியாக விசாரித்தார். "கத்துவாவ மேடம். சோறு வச்சா சரியாயிரும்" என்று அவள் சொன்னதையும் எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பெற்ற தாயின் விவரம் ரகசியம், எங்களுக்குத் தர மாட்டார்கள். இரண்டு, குழந்தைக்கு விவரம் தெரிவதற்கு முன்பிருந்தே கதை மாதிரி சொல்லிச் சொல்லி வளர்க்க வேண்டும். "வெளியாள் வாயால தெரிஞ்சா பிள்ளை தாங்காது சார். உங்க வாயாலதான் தெரியணும்" என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். கையெழுத்தும் போட்டேன்.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் காதில் முதல் விஷயம் மட்டும்தான் விழுந்தது. அவள் போலீஸில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ரகசியம் என்று அரசாங்கமே சொல்லிவிட்ட பிறகு அதற்கு மேல் என்ன பேச்சு என்பது அவள் கட்சி.

"அக்கா, அது பெத்தவளைப் பத்தின ரகசியம். பிள்ளைகிட்ட மறைக்கச் சொல்லலை" என்றேன்.

"ஏலே, ஸ்டேஷனுக்கு வரப்புத் தகராறுன்னு வருவானுங்க. வந்தா வரப்பைப் பத்திப் பேச மாட்டானுங்க. எதிராளியோட பிறப்பைப் பத்திப் பேசுவானுங்க. முப்பது வருஷம் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. எம் மருமகளை ஒருத்தனும் அந்தச் சொல்லு சொல்லக் கூடாது" என்றாள். இன்னும் வராத குழந்தையை அவள் மருமகள் என்று சொன்னதும் நான் வாயடைத்துப் போனேன். பத்து வருஷக் கூத்துக்கு அந்த ஒரு நிமிஷ மௌனம்தான் காரணம்.

அக்காவின் திட்டம் எளிமையானது. மனைவி கர்ப்பமாக வேண்டும். தத்துக்குப் பதிவு செய்தவர்கள் வரிசையில் எங்கள் எண் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்கலாம். அது நகர்கிற வேகத்தைப் பார்த்து, சரியாகப் பத்து மாதத்தில் குழந்தை வந்துவிடும் என்று அக்கா கணக்குப் போட்டாள். அந்த வாரமே தெருவில் "நாள் தள்ளிப் போயிருக்கு" என்று சொல்லியாயிற்று. சொன்ன மறுநாளிலிருந்து வரிசை நின்றுவிட்டது.

வயிறு செய்கிற பொறுப்பு எனக்கு. அதில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். இலவம் பஞ்சு வாங்கி மெத்தை மாதிரி தைத்திருந்தால் பிரச்சினை இல்லை. நான் பேண்டேஜ் கம்பெனிக்காரன், வீட்டில் மருத்துவப் பஞ்சு ரோல் ரோலாகக் கிடந்தது. அதை வைத்து, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி சுற்றி, மனைவி உறை தைத்து, மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் என்று அளவு வாரியாகப் பேக் பண்ணிவிட்டேன். பேக்கிங்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் மருத்துவப் பஞ்சின் வேலையே ஈரத்தை உறிஞ்சுவதுதான். சித்திரை வெயிலில் மனைவி காலையில் ஐந்தாம் மாதமாகக் கிளம்பினால் சாயங்காலம் வியர்வையை எல்லாம் குடித்து எடை கூடி எட்டாம் மாதமாகத் திரும்புவாள். ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மழையில் மாட்டிக்கொண்டு நனைந்தபடியே பஸ் ஏறினாள். வயிறு ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகத் தொடைக்கு இறங்க ஆரம்பித்தது. பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். "தலை இறங்கிட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ தாயி" என்று ஒரு அம்மா கண்டக்டரிடம் சண்டை போட்டு வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னாராம். மனைவி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, பஸ் போகிறவரை உள்ளே நின்றுவிட்டு, வயிற்றைப் பிழிந்துகொண்டு ஆட்டோவில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

வளைகாப்பும் வைத்தோம். எனக்கு அது வெட்கமாக இருந்தது, செய்யவே கூடாது என்று சத்தம் போட்டேன். மனைவிதான் வேண்டும் என்றாள். ஒன்பது வருஷமாக மற்றவர்கள் வளைகாப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள் அவள். வளையல் போட அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு மணையில் உட்கார்ந்து, இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, பஞ்சு வயிற்றின் மேல் கையை வைத்தபடி அழுதாள். அந்த அழுகையில் நடிப்பு கொஞ்சமும் இல்லை. நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன்.

பிரசவத்துக்கு என்று வத்திராயிருப்பில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினோம். பத்தாம் மாதம் முடிந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். தெருவில் கேள்வி அதிகமானதும் அக்கா போனில் உத்தரவு போட்டாள்: "பிறந்துட்டுன்னு சொல்லிரு. பெண் பிள்ளைன்னு சொல்லு." பெண் குழந்தைதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தோம், அந்த மட்டும் தப்பித்தோம். அடுத்த நாள் தெரு முழுக்கப் பால்கோவா கொடுத்தேன். இல்லாத குழந்தைக்கு எடை என்ன என்று கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். யார் ஜாடை என்று கேட்டார்கள். அக்கா ஜாடை என்றேன்.

குழந்தை கைக்கு வர மேலும் மூன்று மாதம் ஆனது. போன் வந்ததும் போய்ப் பார்த்தோம். அவளுக்கு எட்டு மாதம். கீழே இரண்டு பல். காகிதம் படிக்க மாட்டியிருந்த என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அதற்கு முன் நான் பட்ட கவலை எல்லாம் கவலையே இல்லை என்று அந்த நேரத்தில் தோன்றியது. நானும் அழுதேன், மறைக்கவில்லை.

ஆனால் ஊருக்குச் சொன்ன கணக்கில் அவள் மூன்று மாதக் குழந்தை. வீட்டுக்குள் நுழைந்த அன்றே சுவரைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். பார்க்க வந்தவர் குழந்தையின் வாயைப் பார்த்தார், காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நல்ல சத்துப் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். மறுநாள் ஒரு கிண்ணத்தில் பருப்பு சாதத்தைக் குழையப் பிசைந்து கொண்டுவந்து, "பப்பு, நெய் விட்டிருக்கேன். ஊட்டு" என்று மனைவியிடம் கொடுத்தார். மூன்று மாதக் குழந்தைக்கு யாராவது பருப்பு சாதம் கொண்டுவருவார்களா? அப்போது எங்களுக்கு அது உறைக்கவில்லை. பாவம், பிள்ளை வளர்த்து ரொம்ப நாளாகி மறந்துவிட்டார் என்று சிரித்தோம்.

பொய்யை உண்டாக்குவது சுலபம், அதை வளர்ப்பதுதான் கஷ்டம். அது பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்தது. ஏழு வயதில் மகளுக்குக் கிட்டப்பார்வை. கண் டாக்டர் "வீட்டுல யாருக்காவது இருக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு இருப்பது பேப்பர் படிக்கிற கண்ணாடி. அக்கா உடனே "எனக்கு சின்ன வயசுலருந்தே இருக்கு டாக்டர்" என்றாள். அந்த வாரமே பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டாள். தெருக்கோடியில் வருகிறவனின் சட்டைப் பொத்தானைப் பார்க்கிற கண் அவளுக்கு. அதற்குப் பிறகு மகள் கூட இருந்தால், பஸ் போர்டைப் படிக்கும்போது அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பாள். மகளுக்கு அதில் பெரிய பெருமை. "எனக்கு அத்தை கண்ணு" என்று எல்லாரிடமும் சொல்வாள்.

ஒவ்வொரு பிறந்தநாளிலும், அதாவது இரண்டிலும், இந்த வருஷம் சொல்லிவிடலாம் என்று மனைவி சொல்வாள். சொல்லலாம் என்பேன். பரீட்சை முடியட்டும் என்பேன். ரெண்டாம் வகுப்புக்கு என்ன பரீட்சை என்று அவள் கேட்பாள். நான் கத்துவேன். அவள் சோறு வைப்பாள்.

மகள் நன்றாக ஓடுவாள். பள்ளி அணியில் சேர்த்திருந்தார்கள். இந்த வருஷம் ஒரு காலையில் ஓட்டப் பயிற்சியில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. நானும் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து குளுக்கோஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒரு இளம்பெண். இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு எங்களைக் கேள்வி கேட்க ஆரம்பிக்கும்போது, போனில் விஷயம் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓடிவந்த அக்கா கண்ணாடியோடு உள்ளே வந்து நின்றுவிட்டாள்.

"குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க அப்பா, நாப்பத்திரெண்டு வயசு. மில்லுல மெஷின்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தவரு அப்படியே விழுந்தாரு. எங்க சித்தப்பாவும் அதே மாதிரிதான், முப்பத்தெட்டு" என்றாள் அக்கா.

இத்தனை வருஷத்தில் ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன முதல் உண்மை அது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முகம் மாறிவிட்டது. அப்படியென்றால் இது சாதாரண மயக்கம் என்று விட முடியாது, மதுரையில் இருதய டாக்டரிடம் காட்ட வேண்டும், பரம்பரையாக வருகிற கோளாறு இருக்கலாம், அதுவரை ஓடவே கூடாது என்றார். என்னையும் அக்காவையும்கூடப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்.

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பா, தாத்தா மாதிரி நானும் செத்துருவேனா?" என்று கேட்டாள். சின்னக் குரலில், டாக்டருக்குக் கேட்காமல் என்னிடம் மட்டும் கேட்டாள்.

என் அப்பா செத்தபோது எனக்கு ஆறு வயது. அதே கேள்வியை நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துப் பார்த்தே நாற்பத்திரெண்டு வயதைத் தாண்டியவன் நான். என்னுடைய அந்தப் பயம் அவளுக்குச் சேர வேண்டியதே இல்லை. நான் இழுத்துக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

"தாத்தா வியாதி உனக்கு வராது" என்றேன்.

"அதெப்படி சார் அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றார் டாக்டர்.

"அவன் படபடப்புல பேசுதான் டாக்டர்" என்று அக்கா குறுக்கே வந்தாள். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வையில் லாக்கப்பே தெரிந்தது.

"டாக்டர், செத்த நேரம் குடுங்க. எம் மகள்கிட்டப் பேசிட்டு வந்து உங்ககிட்டச் சொல்லுதேன்" என்றேன். அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். மனைவிக்குப் புரிந்துவிட்டது, ஒன்றும் கேட்காமல் கூடவே வந்தாள். ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்கா பத்தடி தள்ளிக் காவலுக்குப் பாரா நின்றாள்.

பத்து வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஒரு வரிகூட வரவில்லை. கம்ப்யூட்டர் வரிசை, சோசியல் ஒர்க்கர், பஞ்சு என்று நான் உளறியதில் மகள் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள். மனைவிதான் சொன்னாள்.

"பாப்பா, உன்னைய வேற ஒரு அம்மா பெத்தாவ. அவிய யாருன்னு எங்களுக்குத் தெரியாது. எட்டு மாசத்துல நீ எங்ககிட்ட வந்த. ஊர்ல எல்லாரும் பத்து மாசந்தான் காத்துக் கிடப்பாவ. நான் பதிமூணு மாசம் காத்துக் கிடந்தேன்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்போ தாத்தா வியாதி வராதா?" என்றாள். வராது என்றேன். "ஓடலாமா?" டாக்டர் சொன்னால் ஓடலாம் என்றேன். பிறகு பாரா நிற்கிறவளைத் திரும்பிப் பார்த்து, "அப்போ அத்தை கண்ணாடி?" என்றாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "பவர் கிடையாது" என்றாள்.

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். நான் தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டு அம்மா பக்கம் சாய்ந்துகொண்டாள்.

உள்ளே போய் டாக்டரிடம் சொன்னோம். அவர் அக்காவின் வாக்குமூலத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, குடும்ப வரலாறு என்ற இடத்தில் தெரியாது என்று எழுதினார். தெரியாது என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை, அதனால் மதுரைக்குப் போய் ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்றார். காலையில் சாப்பிட்டாயா என்று மகளிடம் கேட்டார். இல்லை என்றாள்.

மதுரைக்குப் போகிறவரை மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. அம்மாவோடு பேசினாள். அக்காவோடுகூடப் போனில் பேசினாள். "வேற ஏதும் பொய் பாக்கி இருக்கா அத்தை?" என்று அவள் கேட்டதும், அந்தப் பக்கம் அக்கா நிறைய யோசித்து, "காது குத்துக்கு ஆர்மியில இருக்க மாமா வாங்கி அனுப்புனாருன்னு சொன்ன கம்மல், நான் வாங்குனது" என்றதும் எனக்குக் கேட்டது. என்னோடு மட்டும் பேச்சில்லை. எனக்கு ஏதாவது தெரிய வேண்டும் என்றால் "அவியகிட்டச் சொல்லும்மா" என்பாள். நான் பத்து வருஷம் பயந்தது நடந்தேவிட்டது. அந்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "சொல்லிட்டீங்களா? நல்லதாப் போச்சு, எங்களுக்கும் வாய் வலிச்சுப் போச்சு" என்றார். தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். இருதயம் சுத்தமாக இருக்கிறது, காலையில் சாப்பிட்டுவிட்டு ஓடு என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது நான்கு பேரும் பஸ்ஸில் வந்தோம். அக்கா கண்ணாடி இல்லாமல் முன் சீட்டில் உட்கார்ந்து, எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் போர்டையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினாள். மகள் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தாள்.

பஸ் ஊரைத் தாண்டியதும், "என்னைப் பெத்தவியளுக்கு நான் இங்க இருக்கேன்னு தெரியுமா?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அம்மாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

"நல்லா இருக்கேன்னாவது தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. பத்து வருஷப் பழக்கம். "அதுவும் தெரியாது. யாரும் சொல்ல முடியாது, அப்படி ஒரு சட்டம்" என்றேன். அவள் அதை அப்படியே வாங்கிக்கொண்டாள். உண்மை என்று தெரிந்தது போலிருக்கிறது.

"உனக்குப் பதினெட்டு முடிஞ்ச பொறவு நீயே எழுதிக் கேக்கலாம். கிடைக்கும்னு சொல்ல முடியாது, ஆனா கேக்கலாம். நான் கூட வாரேன்" என்றேன்.

"நீங்க வரவேண்டாம். நீங்க வந்தா அங்கயும் ஏதாவது பொய் சொல்லிருவீங்க. நான் அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்."

மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மகள் சொன்னதில் என்ன தப்பு?

"சரி. பஸ் ஏத்திவிடவாவது வரலாமா?" என்றேன்.



"அதுக்கு வாங்கப்பா" என்றாள்.

அதற்கு இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கிறது.